அறுபத்தொன்றாம் நாள்

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
மேயர் ஒரு தாளில் கையெழுத்திட்டார்.
லாரிகள் வந்தன.
வெருலமில், எங்கள் தெருமுனையில்
பெயின்ட் வாளி, குழந்தை குளிக்கும் தொட்டி,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய பிரியாணி அண்டா
எல்லாம் வரிசையில் நின்றன.
நானும் நின்றேன், இரண்டு கேன்களோடு,
அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப்
பைக்குள் போட்டுவிட்டு.

அந்தத் தாள் என் மேசைக்குத்தான் வரும்.

டர்பன், நாலாம் மாடி, செலவுச் சரிபார்ப்பு,
செல்வராணி படையாச்சி.
மன்றம் கைதூக்காத பணத்தில்
ஒரு ராண்டைக்கூட எவரும் தொடக் கூடாது:
எனக்குச் சம்பளம் தரும் வாக்கியம் இது.
அதில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்.
எதிர்பாராத ஆபத்தென்றால் மேயர் முதலில் செலவழிக்கலாம்;
அறுபது நாளுக்குள் மன்றம் கூடி
அதைத் தன் கணக்கில் ஏற்க வேண்டும்.
ஏற்காவிட்டால்
குடித்து முடித்த தண்ணீர்
பின்னோக்கிப் பிழையாகும்.

முதல் முறை கூடியபோது ஆள் போதவில்லை.
இரண்டாம் முறை பாதிப்பேர் எழுந்து வெளியே போனார்கள்,
ஏதோ ஒரு குழுவின் நாற்காலிக்காக.
மூன்றாம் முறை மின்சாரம் போனது.
சுவர் நாட்காட்டியில் நொக்குதூலா
ஒவ்வொரு நாளையும் பச்சை மையால் அடித்தாள்.
ஐம்பத்தொன்று.
ஐம்பத்திரண்டு.

"பிள்ளைகளுக்குத் தாகம் எடுப்பது
உங்கள் சட்டத்துக்குத் தெரியாதா?"
தொலைபேசியில் ஒரு வார்டு உறுப்பினர் கத்தினார்.
தலை குளித்து ஒன்பது நாளாகிறது என்று
நான் சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
தமிழ் படிக்கத் தெரியாத என் அண்ணனுக்கும் தெரிந்த பழமொழி.
ஆறே படியேறி வந்து
குளிர்பெட்டியையும் பக்கத்து வீட்டுச் சுவரையும்
எடுத்துக்கொண்டு போன ஊரில்
அதை எந்தக் கையால் பிடிப்பது?

ஆனாலும் அளந்தேன்.
ஐம்பத்தேழாம் நாள், ஆளில்லாத மாடியில்
லாரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன்.
வண்டி எண். லிட்டர். இடம். பெற்றவர் கையொப்பம்.
ஜக்கரண்டா லேன், தினம் இரண்டு நடை,
நடைக்குப் பத்தாயிரம்.

ஜக்கரண்டா லேன் இப்போது இல்லை.
முதல் இரவே சரிவோடு இறங்கி ஆற்றுக்குள் போய்விட்டது.
ஒன்பது வீடு,
என்னோடு பள்ளியில் படித்த கேசவேலின் டயர் கடை.
அந்தத் தெருவில் ஐம்பத்தைந்து நாளாக
யாரோ தண்ணீர் பெற்றுக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.
ஒரே சாய்வு, ஒரே நீலப் பேனா.
பதினோரு லட்சம் லிட்டர்.
நொக்குதூலா படித்துவிட்டுச் சிரித்தாள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

அறுபதாம் நாள் மாலை மன்றம் நிறைந்திருந்தது.
என் குறிப்பு பன்னிரண்டாம் பக்கத்தில்.
மொத்தத் தொகைக்கும் ஒரே கைதூக்கல்,
பிறகு சமோசா என்பது ஏற்பாடு.
கைகள் பாதி உயர்ந்தபோது
ஃபிகிலே ந்தூலி எழுந்தார்,
முன்பு பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவர்:
"ஜக்கரண்டா லேனில் இப்போது யார் குடிக்கிறார்கள்?"

அதன்பிறகு எல்லோரும் பேசினார்கள்.
பிரித்து ஏற்கலாம் என்றார் ஒருவர்.
பிரித்தால் ஒப்புக்கொண்டது போலாகும் என்றார் இன்னொருவர்.
கம்பெனி யாருடையது என்று கேட்டதும்
மூன்றுபேர் ஒரே நேரத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்கள்.
சமோசா ஆறியது.
கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியபோது
பேச்சாளர் பட்டியலில் இன்னும் நாலு பெயர்.

காலையில் முத்திரையை எடுத்தேன்.
அனுமதியற்ற செலவு.
திருடிய தண்ணீருக்கும்,
பிரசவ வார்டுக்குப் போன தண்ணீருக்கும்,
நான் வரிசையில் நின்று வாங்கியதற்கும்
ஒரே முத்திரை, ஒரே சிவப்பு மை.
என் குறிப்பு இல்லையென்றால்
ஒன்பதரைக்கே கைதூக்கி முடித்திருப்பார்கள்.
இதை நொக்குதூலா சொல்லவில்லை.
நாட்காட்டியைக் கழற்றிச் சுருட்டி
கோப்புக்குள் வைத்தாள், சாட்சியாக இருக்கட்டும் என்று.

அன்று லாரி வரவில்லை.
வீட்டில் ஒரு கேன் மீதியிருந்தது,
அறுபதாம் நாள் பிடித்தது.
சாய்த்துப் பிடித்து
அரிசி களைந்தேன்.
களைந்த தண்ணீரைக் கொட்டாமல்
கழிப்பறைக்கென்று எடுத்து வைத்தேன்.